சென்னைக்கு வீடு மாறுற வேலூர்க்காரங்களுக்கு

வேலை சென்னையில கெடச்சாச்சு, அப்பா அம்மா இங்க சத்துவாச்சாரியிலயோ காட்பாடியிலயோ தான் இருப்பாங்கன்னா, வாடகை கம்மின்னு தாம்பரம் பக்கம் போய்டாதீங்க, ஆபீஸ் அந்தப் பக்கமே இருந்தா வேற விஷயம். நம்மளுக்கு மேற்குப் பக்கம் தான் சரி. ரயில்ல வர்றவங்களுக்கு ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், அரக்கோணம் வழியாத்தான் காட்பாடி லைன் வருது. பஸ் ஆளுங்களுக்கு பூந்தமல்லி.

வீடு பாக்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனா எல்லா ஊரும் நல்லாத்தான் தெரியும், திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு அங்கேர்ந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவ போய்ப் பாருங்க. அப்புறம் தண்ணி. 2015லயும் 2023 டிசம்பர்லயும் தெருவுல எவ்ளோ நின்னுச்சுன்னு புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, இஸ்திரி போடுறவரக் கேளுங்க. காம்பவுண்ட் சுவத்துல முட்டி உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கும், புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா பக்கத்து வீட்டு சுவத்தப் பாருங்க. போர் தண்ணி உப்பான்னு பாத்ரூம் குழாய் மூக்குலயே தெரியும், வெள்ளையா படிஞ்சிருக்கும். அட்வான்ஸ் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்.