ஜெயிலில் இருப்பவருக்கு விடுதலைக்கு முன்பே வேலை பார்த்து வைப்பது எப்படி

வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆறு மாதம் முன்னாலேயே ஆரம்பித்தால்தான் ஆகும்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துத் தண்டனைக் கைதிகளைத் தேடி மதுரை மத்திய சிறைக்குத்தான் அதிகம் போக வேண்டியிருக்கும். காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறையும் இருக்கிறது. கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து அனுமதி வாங்குங்கள், சிறை நல அலுவலரை நேரில் பாருங்கள்.

அப்புறம் ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருங்கள். வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், கைக்கு என்ன வேலை வரும் என்று கேளுங்கள். "எந்த வேலைன்னாலும் சரிண்ணே" என்பார்கள், அதோடு எழுந்து வந்துவிடக் கூடாது. அப்படியே மூன்று முறை சொன்ன ஒருவர், நான்காவது முறை போனபோதுதான் சின்ன வயதில் அப்பாவோடு சுண்ணாம்புப் பூச்சு வேலைக்குப் போனதைச் சொன்னார், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்து, கண்ணாடி மாதிரி மின்னும்வரை கல்லால் தேய்ப்பதைக் கையாலேயே காட்டினார். பழைய நகரத்தார் வீடுகளை ஹோட்டலாக்கும் இந்தக் காலத்தில் அந்தக் கைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது!

ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றையும் உள்ளே இருக்கும்போதே சரிபாருங்கள். ஆதாரில் கொடுத்த செல் நம்பர் இப்போது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், ஓடிபி வராமல் எல்லாம் நின்றுபோகும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் விட்டுப்போயிருக்கும்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அந்த ஆளின் சம்மதத்தோடு. ஒருமுறை நான் மறைத்துச் சேர்த்துவிட்டேன், பத்தே நாளில் யாரோ சொல்லி விஷயம் தெரிந்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தப்பு என்னுடையது, அடிபட்டது அவர். முடிந்தால் முதலாளியையே உள்ளே அழைத்துப் போங்கள். ஆத்தங்குடி தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைக்காரர் ஒருவர், கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றுவதற்குக் கை நடுங்கக் கூடாது என்று எதிரே இருந்தவரின் கையைப் பிடித்துப் பார்த்தார். ஜெயிலுக்கு வந்த பிறகு அந்தக் கையை யாரும் அப்படித் தொட்டிருக்க மாட்டார்கள்.

முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் இடம் மட்டும் வேண்டவே வேண்டாம். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்துவிட்டது.

முதல் மாதம் வாரச் சம்பளமாகக் கேட்டு வாங்குங்கள், மாதக் கடைசி வரை அவரால் தாங்க முடியாது. விடுதலை அன்று காலையிலேயே வாசலில் நில்லுங்கள். பஸ் காசு, மாற்றுத் துணி, சிம் போட்ட போன், அன்று ராத்திரி படுக்க ஓர் இடம், இவ்வளவும் கையில் இருக்கட்டும்.