காசில்லாமல் குமரி மாவட்டம் சுற்ற

வீட்டுக்கு யார் வந்தாலும் விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் வரிசையில்தான் போய் நிற்பார்கள். நான் முதலில் சிதறால் மலைக்கு அனுப்பிவிடுவேன். மார்த்தாண்டத்தில் இருந்து ஏழெட்டு கிலோமீட்டர். காலையிலேயே ஏறுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம். மேலே பாறையில் வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர். 9ஆம் நூற்றாண்டு ஆய் வம்ச மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. சமணப் பள்ளியாக இருந்த இடம், பின்னால் பகவதி கோயிலானது. அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

அப்புறம் நாகர்கோவில் வழியாகச் சுசீந்திரம் கோயில். நடை சாத்தும் முன் போய்ச் சேருங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இசைத் தூண்களையும் 18 அடி அனுமாரையும் பார்க்கலாம்.

மாலைக்கு வட்டக்கோட்டை. குளச்சல் போரில் 1741இல் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டி லன்னாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகிப் பலப்படுத்திய கோட்டை இது. மதில் மேல் நின்றால் கடல் காற்று ஆளைத் தள்ளும், தொப்பி வேண்டாம்.

கன்னியாகுமரி காந்தி மண்டபத்துக்கும் கட்டணம் இல்லை. காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று நண்பகலில் அவரது அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் பத்து நிமிடம் போதும்.