பள்ளி லீவுல புள்ளைங்க படிச்சத மறக்காம இருக்க வீட்டுலயே என்ன செய்யலாம்

மலேசியாவுல 2026லேர்ந்து பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரில தொடங்குறதால நீண்ட லீவு ஆண்டுக் கடைசிக்கு வந்துருச்சு. லீவுல படிச்சது மறந்துபோறது உண்மைதாங்க. அமெரிக்காவுல 1996ல ஹாரிஸ் கூப்பரும் அவர் கூட இருந்தவங்களும் 39 ஆய்வுகள ஒண்ணா வச்சுப் பாத்தாங்க, அங்க கோடை லீவு முடிஞ்சு வர்ற புள்ளைங்க சராசரியா ஒரு மாசப் படிப்ப இழந்துட்டு வர்றாங்க, அதுலயும் வாசிப்ப விட கணக்குல தான் சரிவு ஜாஸ்தி. வீட்டுல கதைப்புத்தகமாச்சும் கண்ணுல படும், வகுத்தல் கணக்க யாரு தேடிப் போய் போடுறா?

சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பேரு பெஸ்தாரி ஜெயா) மாதிரி தோட்டத்து டவுன்ல இருக்குற அப்பா அம்மாவுக்குத்தான் இத எழுதுறேன். டியூஷனுக்கு காசு கட்டித்தான் ஆகணும்னு இல்ல, தினம் இருபது நிமிசம் போதும்.

1. நேரத்த முடிவு பண்ணுங்க

மணி பாத்து உக்கார வச்சா நாலு நாள்ல நின்னு போயிரும். காலைல குளிச்சு பசியாறின கையோட, தட்டு எடுத்த அதே மேசைலயே உக்காரட்டும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் ரெண்டு மடங்கு படிக்கச் சொல்லாதீங்க.

2. சேர்ந்து வாசிங்க

போன ஆண்டு பாடநூலே போதும். நீங்க ஒரு வரி வாசிங்க, அதே வரிய புள்ள விரல் வச்சு வாசிக்கட்டும், ல ள ழ குழம்புற எடத்துல பென்சில்ல ஒரு சின்ன கோடு மட்டும் போட்டுட்டு கதைய நிறுத்தாம போங்க, திருத்தம் கடைசில. மலாய் வாசிக்கத் தெரியாத அம்மாவா இருந்தா கவலையே வேணாம், புள்ள வாசிச்சுட்டு என்ன விசயம்னு உங்களுக்கு தமிழ்ல சொல்லணும், சொல்லத் தெரியலன்னா அதுக்குப் புரியலன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

3. கணக்க வெளிய கொண்டு போங்க

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கடை ரசீத தூக்கிப் போடாதீங்க. 2008லேர்ந்து ஒரு காசு புழக்கத்துல இல்லாததால மொத்தத்த 5 காசுக்கு கிட்ட கொண்டு வருவாங்க, ரசீதுக்கு அடில ரவுண்டிங்னு ஒரு வரி இருக்கும் பாருங்க. 7 வெள்ளி (ரிங்கிட்) 82 காசுன்னா 7.80, அதுவே 83 காசுன்னா 7.85. ஏன்னு புள்ளகிட்ட கேளுங்க. பசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போறப்ப 10 வெள்ளிய அது கைல குடுத்து மீதிக் காச அதுவே எண்ணி வாங்கட்டும், பின்னாடி ஆள் நிக்குதேன்னு அவசரப்படுத்தாதீங்க.

பெரிய புள்ளைங்களுக்கு செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கே! மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு முக்கோணமா நடுவாங்க, அப்படி நட்டா ஒரு ஹெக்டருக்கு 140 மரத்துக்கு கிட்ட வரும். ரெண்டு மரத்துக்கு நடுவுல எத்தன எட்டுன்னு நடந்து பாத்து, ஒரு எட்டு எத்தன சென்டிமீட்டர்னு வகுக்கச் சொல்லுங்க, அப்புறம் அஞ்சு ஹெக்டருக்கு எத்தன மரம்னு பெருக்கட்டும். ரோட்டோரமா மட்டும், பெரியவங்க கூட தான் போகணும், உள்ள பாம்பு இருக்கும், குலை வெட்டுற நேரத்துல மட்டை விழும்.

4. தாத்தா பாட்டிய பேட்டி எடுக்கட்டும்

எழுத்துக்கு இத விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல. பெரட்டு (தோட்டத்துல காலைல பேர் கூப்புடுறது) எத்தன மணிக்கு, பால்மரம் (ரப்பர் மரம்) எப்படி சீவுவாங்க, மழை பேஞ்சா சம்பளம் என்னாகும்னு கேள்விய புள்ளையே எழுதி வச்சுக்கணும், பதில தாத்தா சொன்ன மாதிரியே அஞ்சு வரி எழுதணும். மலேசியாவோட முதல் வணிக செம்பனைத் தோட்டம் 1917ல நம்ம பக்கத்து தென்னமரம் எஸ்டேட்ல தான் தொடங்குச்சு, இது நம்ம புள்ளைங்களுக்கே தெரியாம போறது எனக்கு மனசு கேக்கல.

போன் விசயம், முழுசா புடுங்க முடியாது. பள்ளில குடுத்த ஐடி இருந்தா கல்வி அமைச்சோட டெலிமா இணையதளத்துல பாடநூல் கிடைக்கும், இருபது நிமிசம் முடிஞ்ச பிறகு வீடியோ.

5. கடைசி வாரம்

தூங்குற நேரத்த தினம் கால் மணி நேரம் முன்னாடி தள்ளிட்டே வாங்க, சப்பாத்து காலுக்குப் பத்துதான்னும் அப்பவே போட்டுப் பாத்துருங்க, ஒரு லீவுக்குள்ள எவ்வளவு வளந்துருதுங்க.