'ஐ வான்ட் ஹிம் டு கம்': ஒருவரை ஒன்று செய்யச் சொல்வது ஆங்கிலத்தில் எப்படி?

"மேனேஜர் என்னை நாளைக்கு வரச் சொன்னார்." "நான் போன் பண்ணுவேன்னு அம்மா எதிர்பார்ப்பாங்க." "வாட்ச்மேன் எங்களை உள்ளே விடலை." ஒரு நாளில் இப்படி எத்தனை வாக்கியங்கள் பேசுகிறோம்! ஆங்கிலத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட இந்த இடம் வந்தால் தயங்குகிறார்கள். 'ஹீ' எது, 'ஹிம்' எது என்று தெரிந்தால் போதும், இந்தப் பதிவைப் பின்தொடரலாம்.

முதல் படி: லீவ் லெட்டரை எடுங்கள்

பள்ளியில் எல்லோரும் எழுதிய வரி: "ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்." இதில் 'ரிக்வெஸ்ட்' என்ற வினை, அடுத்து ஆள், அடுத்து 'டு' போட்ட இன்னொரு வினை. இந்த வரிசைதான் அச்சு. முதல் வினையையும் ஆளையும் மாற்றிப் பாருங்கள்.

ஷீ டோல்ட் மீ டு வெயிட்.
வீ ஆஸ்க்ட் தெம் டு கம் ஏர்லி.
மை மதர் எக்ஸ்பெக்ட்ஸ் மீ டு கால்.

லீவ் லெட்டரில் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. 'யூ' எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் உரு மாறாது. அதனால் அந்த வரியை எத்தனை முறை எழுதினாலும், அங்கே 'ஹீ' வராது, 'ஹிம்'தான் வரும் என்பது பிடிபடுவதில்லை. முதல் வினைக்கு அடுத்து நிற்பவர் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் என்றே வருவார். தமிழிலும் 'அவனை வரச் சொன்னேன்' என்று இரண்டாம் வேற்றுமைதானே போடுகிறோம்!

அந்த 'வர' காலம் காட்டாது. நேற்றுச் சொன்னாலும் 'வரச் சொன்னேன்', நாளை சொன்னாலும் 'வரச் சொல்வேன்'. ஆங்கிலத்திலும் 'டு கம்' அப்படியே நிற்கும். 'டோல்ட் ஹிம் டு கேம்' கிடையாது.

இரண்டாம் படி: 'வான்ட்'

எனக்கு நெடுநாள் பிடிபடாத இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'சொன்னேன்' வந்தால் தமிழ் கைகொடுக்கிறது. 'வேண்டும்' வந்தால் கொடுப்பதில்லை. 'அவர் வர வேண்டும்' என்கிறோம். 'அவரை வர வேண்டும்' என்பதில்லை. வருகிறவர் எழுவாயாகவே நிற்கிறார். அந்த நினைப்போடு ஆங்கிலத்துக்குப் போனால் வாயில் வருவது 'ஐ வான்ட் ஹீ ஷுட் கம்' அல்லது 'ஐ வான்ட் தட் ஹீ கம்ஸ்'. இரண்டும் சரியில்லை. 'ஐ வான்ட் ஹிம் டு கம்' என்பதே சரி.

இதற்கு நான் சொல்லும் வழி: 'வான்ட்' வந்ததும் மனத்தில் 'வேண்டும்' என்று மொழிபெயர்க்காதீர்கள். 'அவரை வரச் சொல்' என்ற வாக்கியத்தை நினைத்துக்கொண்டு, 'சொல்' இருக்கும் இடத்தில் 'வான்ட்' வையுங்கள். 'ஹிம்' தானாக வரும்.

ஆள் யார் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. 'ஹீ வான்ட்ஸ் டு பே' என்றால் பணம் கட்டுவது அவர். 'ஹீ வான்ட்ஸ் மீ டு பே' என்றால் கட்டுவது நான். ஹோட்டலில் பில் வரும்போது இந்த ஒற்றை 'மீ' ரொம்ப முக்கியம்.

மூன்றாம் படி: 'டு' வராதவை

'மேக்', 'லெட்' இரண்டுக்கும் 'டு' வேண்டாம். 'தே மேட் மீ வெயிட்', 'லெட் ஹெர் ஸ்பீக்'. 'ஹெல்ப்' எப்படியும் வரும்: 'ஹெல்ப்ட் மீ ஃபைண்ட்', 'ஹெல்ப்ட் மீ டு ஃபைண்ட்', இரண்டும் சரி. ஆனால் செயப்பாட்டு வினையாக்கினால் 'மேக்' தன் 'டு'வைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'.

நான்காம் படி: இந்த அச்சில் சேராதவை

'ஹீ சஜஸ்டட் மீ டு ஜாயின் திஸ் கோர்ஸ்.' நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். 'சஜஸ்ட்' இந்த அச்சில் வராது. 'ஹீ சஜஸ்டட் தட் ஐ ஜாயின்' என்று சொல்லலாம். அதைவிட எளிது வினையையே மாற்றுவது: 'ஹீ அட்வைஸ்ட் மீ டு ஜாயின்.'

'ஹோப்' என்பதும் இதில் சேராது. 'ஐ ஹோப் யூ டு கம்' தவறு. 'ஐ ஹோப் யூ கம்' சரி. தமிழில் ஒரே 'சொல்' செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'டெல்', 'சே' என்று இரண்டு உண்டு. ஆளை உடனே சேர்த்துக்கொள்வது 'டெல்' மட்டும். 'ஹீ செட் மீ டு கம்' வேண்டாம்.

பொருளை வைத்து எந்த வினை எந்த அச்சில் வரும் என்று ஊகிக்க முடியாது. 'வான்ட்', 'ஹோப்' இரண்டும் விருப்பம்தான், அச்சு வேறு. ஆகவே புது வினை ஒன்றைக் கற்கும்போது அதன் அச்சையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

எதில் பார்ப்பது?

மொழிபெயர்ப்புச் செயலிகளை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை வாக்கியத்தைத் தரும், அச்சைக் காட்டாது. ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரிதான் என் தேர்வு, இணையத்தில் இலவசம். 'வான்ட்' என்று தேடினால் 'வான்ட் சம்படி டு டூ சம்திங்' என்று அச்சையே போட்டிருப்பார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் கூட்டாளிகளோடு உருவாக்கி, 1942-ல் டோக்கியோவில் முதலில் வெளியான அகராதி இதன் மூலம். 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே, எந்த வினை எந்த அச்சில் வரும் என்று அவர் வகைப்படுத்தினார்.

பின்சேர்க்கை 1: 'நாட்' எங்கே வரும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். 'டு'வுக்கு முன்னால். 'ஷீ டோல்ட் மீ நாட் டு கோ' என்றால் போக வேண்டாம் என்றார். 'ஷீ டிடின்ட் டெல் மீ டு கோ' என்றால் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். போனால் கோபிக்க மாட்டார்.

பின்சேர்க்கை 2: 'வானா' பற்றியும் கேள்வி வந்தது. 'வான்ட்', 'டு' இரண்டும் ஒட்டி நின்றால்தான் பேச்சில் 'வானா' ஆகும். 'ஐ வானா கோ' சொல்லலாம். நடுவில் ஆள் வந்துவிட்டால் முடியாது. 'ஐ வான்ட் ஹிம் டு கோ' என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும்.