445-ஆம் போர்ட்டும் வரம்பில்லாத இணைப்புகளும்: என் அனுபவம்

எங்கள் அலுவலகத்தின் கோப்புப் பகிர்வு சர்வர், எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறைக்கான சம்பா மென்பொருளைக் கொண்டு லினக்ஸில் இயங்குவது, ஒரு நாள் காலையில் முற்றிலும் உறைந்துபோனது. மறுதொடக்கம் செய்து பார்த்தபோது, ஒரே கணினியிலிருந்து, எஸ்எம்பி இணைப்புகள் வந்துசேரும் வாயிலான 445-ஆம் போர்ட்டுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் திறந்து, எந்தக் கடவுச்சொல்லும் அனுப்பாமல் காத்திருந்ததைக் கண்டேன்.

2017-இல் வெளியான எஸ்எம்பிலோரிஸ் என்ற தாக்குதலின் வழிமுறையும் இதுவே. இணைப்பின் தொடக்கத்தில் வரும் நான்கு பைட் தலைப்பு, பின்னால் வரப்போகும் செய்தியின் நீளத்தைச் சொல்கிறது. அதை நம்பி, உள்நுழைவுக்கு முன்பே ஒவ்வோர் இணைப்புக்கும் சுமார் 128 கிலோபைட் நினைவகத்தை சர்வர் ஒதுக்கிவிடுவதால், ஆயிரக்கணக்கில் இணைப்புகள் சேரும்போது நினைவகம் தீர்ந்துவிடுகிறது.

சம்பா ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையை (தனியாக இயங்கும் நிரலை) தொடங்கும். அவற்றின் உச்ச எண்ணிக்கைக்கு இயல்பிருப்பில் வரம்பே இல்லை. அமைப்புக் கோப்பில், அந்த எண்ணிக்கைக்கு வரம்பிடும் 'மேக்ஸ் எஸ்எம்பிடி பிராசசஸ்' (max smbd processes) மதிப்பை 1000 என்று வைத்தேன். இதனால் சர்வர் விழாது. ஆனால் அந்த 1000 இடங்களையும் தாக்குபவரே நிரப்பினால் நம் ஊழியர்கள் வெளியே நிற்க நேரிடும் என்பதே என் கவலை. ஆகவே ஃபயர்வாலில் ஒரு முகவரிக்கு 16 இணைப்புகள் என்று கட்டுப்படுத்தி, அலுவலக வலையமைப்புக்கு வெளியிலிருந்து 445-ஐ முழுவதும் மூடினேன்.