திரையெழுத்தும் ஃப்ளாஷ்பேக்கும்: என் பிரதியைச் சரிசெய்த விதம்

22 நிமிட நகைச்சுவைத் தொடருக்கு நான் எழுதிய முதல் திரைக்கதைப் பிரதியில், ‘மூன்று ஆண்டுகளுக்கு முன்பு’ என்று திரையில் தோன்றவேண்டிய வரியைக் காட்சி விவரணைக்குள்ளேயே புதைத்திருந்ததால், வாசிப்பின்போது நடிகர் ஒருவர் அதை வசனமென்று எண்ணி உரக்கப் படித்துவிட்டார். பிறகு அத்தகைய வரிகளைத் தனிப் பத்தியாக்கி, முன்னால் ‘திரையில் எழுத்து:’ என்று குறித்து, மேற்கோள் குறிக்குள் இட்டேன்.

ஃப்ளாஷ்பேக்தான் கூடுதல் கவனம் கேட்டது. காட்சி உள்ளேயா வெளியேயா, எங்கே, எப்போது என்று சொல்லும் காட்சித் தலைப்பிலேயே ‘உள் – சமையலறை – பகல் – ஃப்ளாஷ்பேக்’ என்று எழுதி, அது முடிந்ததும் ‘உள் – வரவேற்பறை – இரவு – நிகழ்காலம்’ என்று புதிய தலைப்பிட்டேன். ஏனெனில், படப்பிடிப்பு அட்டவணை போடும் உதவி இயக்குநர் முதலில் பார்ப்பது தலைப்புகளைத்தான், அங்கே குறிக்கப்படாத ஃப்ளாஷ்பேக்குக்கு உடையும் ஒப்பனையும் தயாராவதில்லை. சில நொடிகளே வரும் நினைவுத் துணுக்குக்கும் தனிக் காட்சி எண் கொடுத்தேன். அதுவும் தனியே படமாக்கப்பட வேண்டியதுதானே.