வாய்ப் புற்றுநோய்க்கான எச்சில் டெஸ்ட் கொடுக்கப் போகிறீர்களா?

வெற்றிலை பாக்கு, குட்கா, பீடி என்று ஏதாவது பழக்கம் பல வருடமாக இருந்தால் இதைப் படியுங்கள். டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, டீ, பல் தேய்ப்பது, புகை எதுவும் வேண்டாம் (லேபில் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு). தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, சில நிமிடம் விட்டு, காறித் துப்பாமல் தானாக ஊறும் எச்சிலை மட்டும் லேபில் தரும் சிறு குழாயில் விடுங்கள், சளி கலந்தால் மாதிரி கெட்டுவிடும். புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ஆர்என்ஏ (செல்லில் மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு), புரதம் போன்றவற்றைத்தான் அதில் தேடுவார்கள். ஈறு வீக்கம் இருந்தாலும் சில புரதங்கள் ஏறும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ரிசல்ட் நெகட்டிவ் என்றாலும் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உறுதி செய்வது பயாப்ஸிதான் (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது), எச்சில் இல்லை.